சில்லறைக்குப் பதில் சீட்டு

இரண்டாம் உலகப் போரின்போது, சிறப்பாக 1942, 1943ஆம் ஆண்டுகளில், நம் நாட்டில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. போர்ச் செலவினால் பணப்புழக்கம் பெருகிற்று. நாணயசாலைகளால் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. உலோகத்தின் விலை ஏறவே, மக்கள் வெள்ளியையும் செம்பையும் பதுக்கினர். அரசாங்கம் 1940இல் வெள்ளி நாணயத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. தேவைக்கு மிஞ்சி நாணயம் சேர்ப்பதைக் குற்றமாக்கிற்று. செம்பை மிச்சப்படுத்த, 1943இல் ஓட்டைக் காலணா வந்தது.

இதற்கிடையே தபால் தலைகளும் சில்லறையாகக் கைமாறின. கத்தியவார் சமஸ்தானங்கள் சில அட்டைக் கூப்பன்களை அச்சிட்டன. வணிகரும் தத்தம் கடையின் பெயர் பொறித்த சீட்டுகளைக் கொடுத்தனர். இலங்கையிலோ 1942இல் அரசாங்கமே சில்லறை நோட்டுகளை வெளியிட்டது. அங்கு ஐந்து சதத் தாளை இரண்டு சதம், மூன்று சதம் எனக் கிழித்து வழங்கலாம்.

அரசின் தாள் நாடெங்கும் செல்லும். கடைச் சீட்டு அக்கடையில் மட்டுமே செல்லும். வேறுபாடு இதுவே. உருளைக்கிழங்கு விற்ற குடியானவனுக்கு மேட்டுப்பாளைய மண்டியில் இரண்டணாப் பாக்கியைச் சீட்டாகக் கொடுத்தால், மலையேறி அரவேணு வந்தபின் அது உப்பு வாங்கவும் உதவாது. வணிகம் நின்றுபோகாமல் சீட்டுகள் காத்தன என்பது மெய்யே. ஆயினும் ஒவ்வொரு சீட்டும் வாங்குவோன் கடைக்காரருக்கு வட்டியின்றித் தந்த கடனேயாகும். சீட்டுத் தொலைந்தால் இலாபம் கடைக்காரருக்கே. கடை மூடினால் நட்டம் ஏழைக்கே.

தனியார் உலோக வில்லைகளைப் பணமாக வழங்குவதை 1889ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டமும் தடுக்கிறது. எனினும் சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. கைப்பேசியில் சேரும் 'புள்ளி'களும் பெரும்பாலும் அளித்த கடையிலேயே செலவாக வேண்டியவை. உருவம் மாறினும் கட்டு ஒன்றே.

நம் சங்கங்கள் இதில் வழிகாட்ட வேண்டும். தேயிலைக் கொழுந்து அளக்கும் விவசாயிக்கும், துணி ஒப்படைக்கும் நெசவாளிக்கும் சேர வேண்டிய பாக்கி, ஒரு ரூபாயாயினும், உறுப்பினர் புத்தகத்தில் அன்றே பதிவாக வேண்டும். கேட்டபோது ரொக்கமாகக் கிடைக்கவும் வேண்டும். 'சங்கக் கடையிலேயே பொருளாக எடுத்துக்கொள்க' என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. கூலியை எங்கே செலவிடுவது என்பது உழைத்தவரின் உரிமை. அவ்வுரிமையைக் காக்காத சங்கத்திற்கும் சீட்டுக் கொடுத்த கடைக்கும் வேறுபாடு யாது?