மலையில் காய்ச்சும் உப்பு

உப்பு என்றதும் கடலே நம் நினைவில் எழும். கடற்காற்றே படாத மலைநாட்டிலும் உப்பு எடுக்கின்றனர். தாய்லாந்தின் வடபகுதியில், லாவோஸ் எல்லையை ஒட்டிய அம்மாகாணத்தின் பெயர் ‘நான்’. (தன்னைச் சுட்டும் சொல்லென நேயர்கள் மயங்க வேண்டா!) அங்குப் பிறக்கும் நான் ஆறும் பிங் ஆறும் நகோன் சவானில் கூடிச் சாவோ பிரயா ஆகி, பாங்காக் வழியே கடலை அடைகின்றன.

போ குளுவா என்னும் ஊர்ப்பெயருக்கு உப்புக் கிணறு என்பதே பொருள். கிணற்றில் இறைத்த உவர்நீரை மண் அடுப்பேற்றி, பெரிய இரும்புச் சட்டிகளில் மணிக்கணக்காகக் காய்ச்சுகின்றனர். உறையும் உப்பை வாரி, சட்டியின்மேல் தொங்கும் மூங்கிற்கூடையிலிட்டு நீரை வடிக்கின்றனர். பௌத்தர்களின் மழைக்கால நோன்பு மாதங்களில் அடுப்புக்கு ஓய்வு. இவ்வுப்பில் அயோடின் இல்லாமையால், அதனைச் சேர்த்தே விற்கின்றனர்.

உப்படுப்புக்கும் விறகு வேண்டும். எனினும் மலைகள் மொட்டையானதில் பெரும்பங்கு மக்காச்சோளத்துக்கே உரியது. கால்நடைத் தீவனத்துக்கென அதனைப் பயிரிடக் காட்டை அழித்தனர். தீவனம் சமவெளிக்குப் போகிறது. மழையில் கரையும் மண்ணும் தீராக் கடனும் மலை உழவனுக்கு. சிலர் இப்போது மரநிழலில் காப்பி வளர்க்கின்றனர். ஆனால் காப்பி பலன்தர மூன்றாண்டேனும் ஆகும். மக்காச்சோளமோ அவ்வாண்டே காசாகிவிடுகிறது.