வெயிலைச் சேமிக்கும் தீவுகள்

இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 1,200 பவளத்தீவுகளைக் கொண்ட நாடு மாலத்தீவு. அவற்றுள் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. இடையே கடல் விரிந்து கிடப்பதால், நாடு முழுமைக்குமான ஒரே மின்கட்டமைப்பு அங்கில்லை. மக்கள் வாழும் தீவுகள் பெரும்பாலும் தமக்கெனத் தனித்தனியே டீசல் மின்னாக்கிகளை இயக்குகின்றன. எண்ணெய் வளமற்ற அந்நாடு எரிபொருளைக் கப்பலில் வரவழைக்கிறது. உலகச் சந்தையில் விலை ஏறினால், அச்சுமை கடைக்கோடித் தீவுவரை சென்று சேர்கிறது.

அங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், சூரியத் தகடுகளை நிறுவினால் மட்டும் போதும் என எண்ணுவது பிழை. ஞாயிறு மறைந்த பின்னரும் விளக்கும் விசிறியும் இயங்க வேண்டும். பகலிலும் மேகம் சூழ்ந்தால் சிறிய மின்கட்டமைப்பு தடுமாறும். மிகுதியான மின்னாற்றலைச் சேமித்துத் தேவைப்படும்போது வழங்கும் மின்கலத் தொகுதியே இக்குறையைத் தீர்க்கும். பசிபிக் பெருங்கடலிலுள்ள டோக்கெலாவ் தீவுகள் 2012இல் தகடுகளையும் மின்கலங்களையும் ஒருங்கே நிறுவியதால்தான் டீசலின் பிடியிலிருந்து பெருமளவு விடுபட்டன.

தொடக்கச் செலவு மிகுதி என்பர் சிலர். அஃது உண்மையே. ஆனால், டீசலுக்குச் செலவிடும் பணம் அன்றாடம் எரிந்து மறைகிறது. தகடுகளோ பல்லாண்டுகள் பயன் தருகின்றன. உப்புக்காற்று கருவிகளை அரிக்கும். மின்கலங்களுக்கும் ஆயுள் வரம்புண்டு. எனவே, கருவிகளை வழங்குவோர் அவற்றைப் பழுதுநீக்கும் பயிற்சியையும் தீவு இளைஞர்களுக்கு அளித்தல் வேண்டும்.

மாலத்தீவின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. கடல்மட்டத்தை உயர்த்தும் புகையையே நம்பி அந்நாடு விளக்கேற்றும் அவலம் மாற வேண்டும்.