காய்ச்சலின் பெயரைக் கேளுங்கள்!

தோட்டத்தில் மழை வந்தால் காய்ச்சலும் வரும். எல்லாக் காய்ச்சலும் ஒன்றல்ல. 1911-ல் இரங்கூனில் டாக்டர் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட நோய்க்கு, மலாயாவில் பணியாற்றிய ஸ்டாண்டனும் பிளெட்சரும் 1921-ல் மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர்.

ஈரமண்ணில் வாழும் கிருமி இது. காலிலுள்ள சிறு காயமே இதற்கு வாசல். இனிப்பு நீர் உள்ளவர்களை எளிதில் பற்றும். காசநோய் என்று மயங்க வைக்கும், பென்சிலினுக்கு அடங்காது. இரத்தத்திலோ சளியிலோ உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பின்னர் இரண்டு வாரமேனும் ஊசி. மூன்று மாதமேனும் மாத்திரை. பாதியில் விட்டால் நோய் திரும்பும்.

தோழர்களே! பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனாலும், "நான் மண்ணில் உழைப்பவன்" என்று முதலில் சொல்லுங்கள்.

நிர்வாகத்தினரே! பூட்ஸ் கொடுங்கள், நோயாளியின் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். பசித்த வயிறு மருந்தை முடிக்காது!