விரலில் மாட்டும் கருவி: யார் தோலில் சோதித்தது?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததை மக்களுக்கு உணர்த்தியது அவர்களுடைய மூக்குதான். அவர்களது மூச்சைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் கருவிகள் இன்று உள்ளன. விரலில் மாட்டும் அத்தகைய ஒன்றை, கொரோனா பரவிய 2020இல் சென்னை ஐ.ஐ.டி.யும் ஹெலிக்சான் நிறுவனமும் உருவாக்கின. வரவேற்கிறோம்.

ஆனால் ஒளியைத் தோலினூடே செலுத்தியே இவ்வகைக் கருவிகள் இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கின்றன. ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. படுக்கை தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அன்று பெரும்பாலும் தீர்மானித்தது அந்த எண்ணே. திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் வெயிலில் கருத்துக் காய்ப்பேறிய விரல்களில் சோதித்த முடிவுகளை, கருவி வாங்கும் அரசு ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்க வேண்டும்.