பால் கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, சனிக்கிழமை காலை தென்காசியில் இறங்கி, ஞாயிறு சாயங்காலம் அதே வண்டியில் சென்னைக்குத் திரும்புகிற ரகம் நான். இதுவரை டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்கு ஒரு அப்பர் பெர்த்தையாவது என் பேரில் பட்டா போட்டுக் கொடுக்கலாம். மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் மாமியாரோடு தென்காசியில். பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு மூணு. (ஏன் இப்படி என்று கேட்பவர்கள் சென்னையில் வாடகைக்கு வீடு தேடாத பாக்கியசாலிகள்.)

போன சீஸனில், "சாரல் பிடிச்சிட்டு மாப்பிள்ளை, அருவியில நல்லா தண்ணி விழுது" என்று மாமியார் போனில் சொன்னதும் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை என்றால் கூட்டம் குறைவு. குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர் சொச்சம்தான். பிளான் பக்கா! முதலில் மெயின் அருவி, அடுத்து ஐந்தருவி, மத்தியானம் பிரானூர் பார்டரில் புரோட்டா, திரும்பும்போது ஒரு கிலோ ரம்புட்டான்.

போய் இறங்கினால் கயிறு கட்டிப் போலீஸ் நிற்கிறது. குளிக்கத் தடை. மெயின் அருவித் தண்ணீர் நேராக நம் தலைக்கு வருவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வரும். அதனால்தான் நம்மைப் போன்ற சோப்ளாங்கிகளும் தலையைக் கொடுக்க முடிகிறது. அன்றைக்கு அந்தப் பள்ளம் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். அங்கேயும் கயிறு. நான் போலீஸ்காரரை நியாயம் கேட்ட இடைவெளியில் ஒரு குரங்கு என் பையிலிருந்த வாழைப்பழத்தை சீப்போடு கொண்டுபோய்விட்டது.

"ஒரு நாள் லீவு வேஸ்ட்" என்று புலம்பினேன்.

"தண்ணி எங்க ஓடிரப் போவுது? அன்னிக்குப் பழைய குத்தாலத்துல வந்த மாதிரி வந்தா என்ன செய்வியளாம்?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து, குரங்குக்குட்டிகளுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து பேர் வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்றுக்கு என் பேர். எது என்று நான் கேட்கவில்லை.

மாசக் கடைசியில் மறுபடி போனபோது மாமியார், "பால்காரன் ரெண்டு லிட்டர் கூடச் சொல்லுதான் மாப்பிள்ளை, கொஞ்சம் பாருங்க" என்றார். ஆபீஸிலும் எனக்குக் கணக்குப் பார்க்கிற வேலைதான். அடுக்களை ஆணியில் தொங்கிய மாசக் காலண்டரைக் கழற்றினேன். கட்டத்துக்குக் கட்டம் பொடி எழுத்து.

'அரை. சின்னவன் செருப்பைக் கால் மாத்தாமல் போட்டான்.'

'அரை. சிலிண்டர் மாத்தியது. பெரிய கோயில் கோபுர வாசல் காத்தில் பெரியவள் பாவாடை குடையாச்சு. திரும்பத் திரும்ப ஓடினாள்.'

'பால் இல்லை. பெரியவள் இன்னிக்குக் குக்காலத்தைக் குற்றாலம்னு சொல்லிட்டா.'

"சரியாத்தானே சொல்லியிருக்கா?" என்றேன்.

"அதான். இனிமே குக்காலம் வராதுல்லா" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் அஞ்சு மார்க்குக்காகப் படித்தது. குழந்தையின் 3-ஆம் மாசத்திலிருந்து 21-ஆம் மாசம் வரை பத்துப் பருவம். தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, கை கொட்டினால் சப்பாணி, நிலாவை விளையாடக் கூப்பிட்டால் அம்புலி. நம்ம பக்கத்து ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்கு ஒன்று பாடியிருக்கிறார். அதில் குளிப்பதற்கே தனிப் பருவம், நீராடல். பாடியவரோ துறவி! பேர்போன பழைய பிள்ளைத்தமிழ் எல்லாமே ஆண்கள் பாடியதுதான். அம்மாக்கள் ஏன் பாடவில்லை? அடுப்பில் பால் பொங்கியிருக்கும்.

அதே ஆணியில் அடியில் பழைய வருஷக் காலண்டர்களும் தொங்கின. 2024-ஐ எடுத்து மே மாசம் புரட்டினேன். 17-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனை அடித்துக்கொண்டு போன நாள். அந்தக் கட்டத்தில் இவ்வளவுதான்:

'அரை. ரெண்டு பேரும் வீட்டில்.'

கொஞ்ச நேரம் எனக்குக் கணக்கு ஓடவில்லை. பிறகு இந்த மாசத்துக்கே திரும்பினேன். பால்காரன் சொன்னது சரி. கூடுதலாக வந்த நாலு அரை லிட்டரும் நான் வந்திருந்த நாட்கள். காப்பி குடித்தே தீர்த்திருக்கிறேன். கடைசியாக, லீவு வேஸ்ட்டான அந்தத் திங்கட்கிழமை:

'ஒரு லிட்டர். குக்காலம் போனோம். குளிக்கலை. திரும்பும்போது பெரியவள் அப்பா தோளில் தூங்கி எச்சில் வடிச்சா. அவர் மட்டும் நனைஞ்சார்.'

எந்தத் தோள் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஆட்டோவில் முழுக்க ஆபீஸ் போனில் இருந்தேன். அந்த நீலச் சட்டையைத் தேடினேன். துவைத்து இஸ்திரி போட்டு என் பெட்டியில் வைத்திருந்தாள், ராத்திரி வண்டிக்கு.