'ஜீன்'னு சொல்லி மருமகளைக் குத்தாதீங்க

(கொஞ்சம் நீளமான பதிவு. வயசுக்கேத்த பேச்சு வராத பிள்ளை உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இருந்தா பொறுமையா படிச்சிருங்க.)

எங்க திசையன்விளை பக்கம் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொன்னதும், வீட்டுக்குள்ள முதல்ல வர்ற கேள்வி "இனி என்ன செய்யணும்?" இல்ல. "இது யாரு பக்கமிருந்து வந்துச்சு?" என்பதுதான்.

முன்னாடி இதுக்கு சாமி குத்தம், கண்ணேறு, கிரகணம்னு பதில் இருந்துச்சு. இப்போ எல்லார் கையிலயும் போன். "ஆட்டிசத்துக்கு ஜீன்தான் காரணம்"னு எங்கயோ ஒரு வீடியோவுல கேட்டது, ஊருக்கு வந்து சேரும்போது "எங்க வம்சத்துல இப்படி ஒரு பிள்ள கெடையாது டாக்டர், எல்லாம் அவ அம்மா வீட்டு ரத்தம்"னு ஆயிருது. பக்கத்துல அந்தப் பொண்ணு பிள்ளையை மடியில வச்சுட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கும். இதோட விடுறதில்ல. அந்தப் பொண்ணோட தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குற இடம் வரைக்கும் இந்த 'ஜீன்' போயிருது.

சரி, ஜீனையே வாழ்க்கையா வச்சு வேலை பாக்குறவங்க என்ன சொல்றாங்க? வாங்க பார்ப்போம்.

பெங்களூரு ஜக்கூர்ல ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் இருக்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்க ஜேம்ஸ் கிளமென்ட் செல்லையா என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவரோட மாணவர்களும் 'சின்கேப்1' என்ற ஒரே ஒரு ஜீனைச் சுத்தி வருசக்கணக்கா ஆய்வு செஞ்சு வந்திருக்காங்க. இந்த ஜீன் பழுதானா பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி குறையும், வலிப்பு வரும், பலருக்கு ஆட்டிசமும் இருக்கும்.

இந்த ஜீன் தயாரிக்கிற புரதத்தை 1998ல அமெரிக்காவுல ரெண்டு ஆய்வகங்கள் எலி மூளையில கண்டுபிடிச்சாங்க. அப்போ அவங்க ஆட்டிசத்தைத் தேடவே இல்ல. ரெண்டு நரம்பு செல் சந்திக்கிற இடத்துல என்னென்ன புரதம் இருக்குன்னு பாத்தாங்க, அவ்வளவுதான். ("எலியை வச்சு என்ன ஆராய்ச்சி, அரசு காசு வீண்"னு சொல்றவங்க இந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க.) 11 வருசம் கழிச்சு, 2009ல, கனடாவுல மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 94 பேருக்கு இந்த ஜீனைப் படிச்சுப் பாத்தாங்க. 3 பேருக்கு அதுல பழுது இருந்துச்சு.

அந்த 3 பேரோட அம்மாவுக்கும் அந்தப் பழுது இல்ல. அப்பாவுக்கும் இல்ல.

அப்போ எங்கிருந்து வந்துச்சு? எங்கிருந்தும் வரல. புதுசா உண்டாச்சு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது கோடிக்கணக்கான எழுத்துகளை உடம்பு நகல் எடுக்குது. நகல் எடுக்கையில அங்கங்க ஒரு எழுத்து மாறும். இதைப் படிக்கிற உங்க ஒவ்வொருத்தர் உடம்புலயும் அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் இல்லாத சுமார் 70 புது மாற்றங்கள் இருக்கு. பெரும்பாலானது ஒண்ணும் செய்யாது. எப்பவாவது ஒண்ணு முக்கியமான இடத்துல விழுந்துரும். இந்தப் புது மாற்றங்கள்ல முக்கால் பங்குக்கு மேல விந்தணு வழியாத்தான் வருது என்பதையும் மாமியார்கள் கவனிக்கணும். உடனே மாப்பிள்ளையைப் பிடிச்சு உலுக்கணும்னு சொல்லல. நகல் எடுக்கிறது நம்ம யாரு கையிலயும் இல்ல.

எல்லா ஆட்டிசமும் இப்படிப் புதுசா வந்ததுதான்னு நான் சொல்ல மாட்டேன். சின்கேப்1 சின்னப் பங்குதான். பல பிள்ளைகளுக்கு நூத்துக்கணக்கான ஜீன்கள் ரெண்டு பக்கமிருந்தும் துளித்துளியா சேர்ந்து வருது. சொந்தத்துல கட்டுறதால சில பரம்பரை நோய்கள் கூடும் என்பதும் உண்மை. அங்கயும் பழுதான பிரதி அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு சேரணும். அதோட, அத்தை மகளைக் கட்டிட்டு "அவ வீட்டு ரத்தம்"னு சொன்னா அது யாரு வீடுங்க? உங்க அப்பா கூடப் பொறந்தவங்க வீடுதானே?

ஆய்வகத்துக்கு வருவோம். எலி பழகுமா பழகாதான்னு எப்படிப் பாப்பாங்க? மூணு அறை உள்ள ஒரு பெட்டி. நடு அறையில நம்ம எலி. ஒரு பக்க அறையில கம்பிக் கூண்டுக்குள்ள முன்பின் தெரியாத இன்னொரு எலி, மறுபக்கம் வெறும் பொருள். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கணக்கெடுப்பாங்க. கணக்கெடுக்கிறவருக்கு எது ஜீன் பழுதான எலின்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு அவரை அறியாமலே சாய்ஞ்சிரும். நம்ம வீட்டுல ஒரு பிள்ளையைப் பாத்த உடனே தீர்ப்பு சொல்ற நாம, இந்த ஒரு விசயத்தையாவது அவங்ககிட்டக் கத்துக்கலாம்.

சின்கேப் புரதம் நரம்பு சந்திப்புல பிரேக் மாதிரி. பாதி அளவு குறைஞ்சா, குட்டி எலியோட மூளையில இணைப்புகள் நேரத்துக்கு முன்னாடியே முத்திரும். கல்லு வச்சுப் பழுக்க வச்ச மாம்பழம் மாதிரி. 2012ல அமெரிக்காவுல கேவின் ரம்பாவ் ஆய்வகத்துல இருந்தபோது கிளமென்ட் முதல் ஆசிரியரா எழுதின கட்டுரை இது. வளர்ந்த எலிக்கு ஜீனைச் சரிசெஞ்சாலும் பலனில்லைன்னும் அதுல இருந்துச்சு. 2019ல அதே ரம்பாவ் ஆய்வகம், வளர்ந்த பிறகு சரிசெஞ்சாலும் சில விசயங்கள் தேறுதுன்னு எழுதினாங்க. ஜக்கூர் குழு ஒரு மூலக்கூறைக் கொடுத்தப்போ, குட்டிப் பருவம் தாண்டின எலிக்கும் சில குறைகள் சரியாச்சு. தான் சொன்னதைத் தானே திரும்பச் சோதிக்கிறாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் இவங்க பேச்சைக் கேக்கிறேன். இது இன்னும் மருந்து இல்ல. எலியில பாத்தது.

ஆனா விக்கிறவங்களுக்கு எலியே போதும். ஆக்சிடோசின் கதை தெரியுமா? பிரசவ வார்டுல வலி வர ட்ரிப்ஸ்ல போடுறோமே, அதே ஹார்மோன். சில எலி இனங்கள்ல ஜோடி சேர இது உதவுதுன்னு கண்டுபிடிச்சதும் 'அன்பு ஹார்மோன்'னு பேரு வந்துச்சு. மூக்குல அடிக்கிற ஸ்பிரே கொடுத்தா ஆட்டிசம் உள்ள பிள்ளை பழகும்னு நம்பிக்கை கிளம்புச்சு. 2021ல 290 பிள்ளைகளுக்கு ஆறு மாசம் கொடுத்துப் பாத்த முடிவு வந்துச்சு: வெறும் ஸ்பிரே அடிச்ச பிள்ளைகளுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. 2023ல, இந்த ஹார்மோனை வாங்கிக்கிற ஜீனையே எடுத்துட்டாலும் அந்தப் புல்வெளி எலிகள் ஜோடி சேருதுன்னு தெரிஞ்சுச்சு. யாராவது ஆன்லைன்ல இந்த ஸ்பிரேயை உங்ககிட்ட விக்க வந்தா, அந்தக் காசுக்குப் பிள்ளைக்குப் படம் போட்ட புத்தகம் வாங்குங்க.

அப்போ ஜீன் டெஸ்ட் வேண்டாமா? வலிப்பு இருந்தாலோ, வளர்ச்சி ரொம்பப் பின்தங்கினாலோ, அடுத்த பிள்ளைக்கு யோசிச்சாலோ, மரபியல் தெரிஞ்ச டாக்டர்கிட்டக் கேட்டு எடுங்க. ரிசல்ட் வாங்கப் போகையில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போங்க. முடிஞ்சா பெரியவங்க ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க. "அம்மா அப்பாவுக்கு இல்லாத புது மாற்றம்"னு டாக்டர் வாயாலயே அவங்க கேக்கட்டும்.

டெஸ்ட் முடிவு வரட்டும்னு பயிற்சியைத் தள்ளிப் போடாதீங்க. ஒரு வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலையா? ஒன்றரை வயசுல "அந்தா காக்கா"ன்னு விரல் நீட்டிக் காட்டலையா? ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலையா? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம் எங்கன்னு கேளுங்க. அரசுத் திட்டம், காசு கிடையாது. "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு ஆச்சி சொன்னா, சரி ஆச்சின்னு சொல்லிட்டு அவங்களையும் பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டுப் போங்க.