பழிப்பு மருந்தாகாது

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் குளச்சலிலும் நாலு பேர் கூடுமிடத்தில் பேசத் தகாதவை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் பொருள்கள் சில உண்டு. ஆணை நாடும் ஆணைப் பற்றிய பேச்சு அவற்றுள் முதலாவது. பேசாதிருப்பதே பண்பாடு என்று எண்ணியிருந்தோம். நோயோ நம் பண்பாட்டிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. ஆதலின் இன்று பேசத் துணிகிறோம். முகம் சுளிக்க விரும்புவோர் முழுவதும் படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

மார்க்கத் தீர்ப்பு வழங்க நாம் இங்கே அமரவில்லை. அது கற்றறிந்த ஆலிம்களின் பணி. நோயுற்றவனையும் நோய்க்கு அஞ்சுகிறவனையும் சமுதாயம் எப்படி நடத்துகிறது என்பதே நம் கேள்வி.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையிலேதான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். ‘இது நம் நாட்டு நோயன்று’ என்று அதுவரை சொல்லிவந்த வாய்கள் அடைத்துப் போயின. 2021-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி நாட்டில் வயது வந்தோரிடையே இத்தொற்று 0.21 விழுக்காடு, ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே 3 விழுக்காட்டுக்கும் மேல். ஏன் இந்த வேறுபாடு? ஆசனவாய் வழி உறவில் கிருமி எளிதாகத் தொற்றுகிறது என்பது உடற்கூறு சார்ந்த காரணம். அச்சமும் ஒளிவும் நாம் உண்டாக்கிய காரணங்கள்.

ஒளிவு என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 2001-இல் லக்னோவில் நோய்த் தடுப்புப் பணி செய்துகொண்டிருந்தவர்களையே 377-ஆம் பிரிவின் பெயரால் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பிரிவு மக்களை மறைவிடங்களுக்குத் துரத்துகிறது, தடுப்புப் பணியைக் கெடுக்கிறது என்று 2006-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே டில்லி உயர்நீதிமன்றத்தில் எழுத்து மூலம் சொல்லிற்று. 2009-இல் அந்நீதிமன்றம் விடுவித்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் பழைய சட்டத்தை மீட்டது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் அதே உச்சநீதிமன்றம், மனமொத்த வயது வந்தோரின் உறவு குற்றமன்று என்று முடிவு கட்டியது. சட்டம் மாறிற்று. நம் மனம் மாறிற்றா?

முன்பு பேருந்து நிலையத்திலும் கடற்கரையிலும் சந்தித்தவர்கள் இன்று கைத்தொலைபேசிச் செயலியில் துணை தேடுகிறார்கள். ஆணுறைப் பையோடு நடந்துசென்ற களப்பணியாளர் அவர்களை எங்கே தேடுவார்? அவரும் அங்கேதான் போகவேண்டும். இந்நிலையில் 2025-இல், போதைப்பொருள் வியாபாரத்துக்குப் பயன்படுகிறது என்று கூறி, கிரைண்டர் என்னும் செயலியைத் தடை செய்யுமாறு சென்னைக் காவல்துறை அரசுக்குப் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. போதை விற்பவனைப் பிடிப்பது காவல்துறையின் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கள்ளன் நடந்தான் என்பதற்காகச் சாலையையே வெட்டிப் போடுவதா? வியாபாரி வேறு சந்து கண்டுபிடிப்பான். பரிசோதனைச் செய்தியைக் கொண்டுபோகும் வழிதான் அடைபடும்.

செயலியில் ஆபத்து இல்லையா? உண்டு. ஆசை காட்டி வரவழைத்து, அடித்துப் பணம் பறித்து, ‘வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்’ என்று மிரட்டும் கூட்டங்கள் இருக்கின்றன. அக்கூட்டத்தின் மூலதனம் எது? நம்முடைய பழிப்புதான்! வீடு துரத்தாது என்றால் மிரட்டல் எப்படி விலைபோகும்?

நம் மாவட்டத்து நிலையை எண்ணிப் பாருங்கள். இங்கே எத்தனையோ வீடுகளில் வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் அடுப்பெரிகிறது. அந்த விசாவுக்கான மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. சோதனையும் அடங்கும். கிருமி இருந்தால் பயணமில்லை. அதனால் சோதனை என்ற சொல்லே இளைஞனுக்குத் தண்டனையாகத் தெரிகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் தெரிந்த முகம் எதிர்ப்படுமே என்று நடுங்குகிறான். சுமார் 65 கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரம் போய்ச் சோதித்துக்கொள்ளலாமா என்று எண்ணுகிறவனை எப்படிக் குறை சொல்வது?

பெற்றோரோ ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: ‘கல்யாணம் முடித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.’ ஆகாது! ஒருவனுடைய நாட்டத்தை நிக்காஹ் மாற்றுவதில்லை. ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்னும் வைத்தியத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் தடுத்திருக்கிறது. சோதனையும் இன்றி, உண்மையும் இன்றி, ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையைப் பணயம் வைத்து மகனின் இரகசியத்தை மூடுவது எந்த நீதி? அவள் உடலில் கிருமி ஏறினால் அந்தப் பாவத்தில் மூடியவர்களுக்கும் பங்குண்டு.

இத்தனைக்கும் மருந்து கையிலிருக்கிறது. அரசு 2004 முதல் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காக உண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், உறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை. ஏறத்தாழ 780 ஆண் இணையரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2019-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, அவர்களுக்குள் அப்படி ஒருவருக்கும் தொற்றவில்லை என்று காட்டிற்று. ஆபத்து நேர்ந்தபின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்தும் உண்டு. மேகப்புண் பெனிசிலினுக்கு அடங்கும். ஒருவனது நிலையை அவன் சம்மதமின்றி வெளியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1097 என்ற எண்ணை அழைத்தால் பணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

மருந்து உண்டு, சட்டம் உண்டு, மருத்துவமனை உண்டு. இல்லாதது, ‘போய்ச் சோதித்துக்கொள், நான் உடன் வருகிறேன்’ என்று சொல்லும் ஒரு வாப்பா, ஒரு காக்கா, ஒரு தோழன். பிறர் குறையைத் துருவித் திரிவதை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதை வலியுறுத்தியிருக்கிறது. விலக்கியதைச் செய்கிறோம், வலியுறுத்தியதை விட்டுவிடுகிறோம். இதைத்தான் மாற்றவேண்டும் என்கிறோம். ஜமாஅத்துப் பெரியவர்கள் சிந்திக்கட்டும்.